மின்முலாமுக்குக் கணக்குத் தந்த மைக்கேல் பாரடே

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

கண்ணமங்கலத்திலும் ஆரணியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தறிச் சத்தம் கேட்காத தெருக்கள் குறைவு. நம்முள் பலர் தறி உள்ள வீடுகளிலிருந்தே பள்ளிக்கு வருகிறோம். பட்டுச் சேலையின் கரையிலும் முந்தியிலும் மின்னும் ஜரிகையை நாம் நடை பழகிய நாள் முதல் பார்த்து வருகிறோம். ஆனால் அந்த ஜரிகையில் தங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சரியாக விடை சொல்வோம்?

அசல் ஜரிகையின் நடுவில் இருப்பது சிவப்புச் சாயம் தோய்த்த பட்டு நூல். அதன்மேல், தட்டையாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றுகிறார்கள். அந்த வெள்ளியின் மேல்தான் தங்கம் ஏறுகிறது. ஜரிகையின் மொத்த எடையில் தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. மின்சாரமே அதை ஏற்றுகிறது. எவ்வளவு மின்சாரம் செலுத்தினால் எவ்வளவு தங்கம் படியும் என்ற கணக்கை உலகுக்கு அளித்தவர், பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்திராத ஓர் ஏழைக் கொல்லரின் மகன். அவர் பெயர் மைக்கேல் பாரடே. அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது நெசவூர் மாணவிகளாகிய நமக்குப் பெரிதும் பயன்தரும்.

இளமையும் வறுமையும்

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டன் நகருக்கு அருகே பிறந்தார். தந்தை ஜேம்ஸ், இரும்புக் கொல்லர். அவர் அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் உலைக்களத்தில் வேலை நின்றுபோகும். வேலை நின்றால் அடுப்பும் நின்றுவிடும். தானிய விலை மிகவும் உயர்ந்திருந்த 1801ஆம் ஆண்டில், சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரம் முழுவதற்கும் ஒரே ஒரு ரொட்டிதான் கிடைத்தது. எழுதவும் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றதோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது.

பதின்மூன்றாம் வயதில் ஒரு புத்தகக் கடையில் ஏவலாளாகச் சேர்ந்தார். வாடகைக்கு விடும் செய்தித்தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கி வருவது அவர் வேலை. அடுத்த ஆண்டு அதே கடையில் புத்தகம் கட்டும் தொழிலைக் கற்கத் தொடங்கினார். ஏழு ஆண்டுகள் அங்கே பயிற்சி பெற்றார். கடை முதலாளி ரீபோ நல்ல மனம் படைத்தவர். கட்டுவதற்காக வந்த புத்தகங்களைப் பையன் படிப்பதை அவர் தடுக்கவில்லை. தையல் ஊசியும் பசைக் கிண்ணமும் ஒருபுறம் இருக்க, மறுபுறம் கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய பகுதியை விரித்துவைத்துப் படித்தார் பாரடே.

பெண்களுக்காக எழுதப்பட்ட புத்தகம்

இங்கே நாம் சிறிது நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாரடேயை வேதியியலின் பக்கம் திருப்பிய நூல் பெரிய அறிஞர்களுக்காக எழுதப்பட்டதன்று. ஜேன் மார்செட் என்னும் பெண்மணி, பெண்களும் அறிவியலைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக 1806இல் வெளியிட்ட வேதியியல் உரையாடல்கள் என்ற நூல்தான் அது. அதில் ஓர் ஆசிரியை இரண்டு சிறுமிகளுக்குப் பாடம் சொல்கிறார். சிறுமிகள் எமிலியும் கரோலினும் கேள்வி கேட்கிறார்கள். ஆசிரியை சோதனை செய்து காட்டுகிறார். முதற்பதிப்பில் நூலாசிரியரின் பெயர்கூட அச்சிடப்படவில்லை. பெண்களுக்கென எழுதப்பட்ட அந்தப் புத்தகம் ஒரு கொல்லர் மகனின் கையில் கிடைத்து, அவரை உலகப் புகழ்பெற்ற அறிவியலாளர் ஆக்கியது. பாரடே இந்த நன்றியை மறக்கவில்லை. தாம் எழுதிய ஆய்வுரைகளைப் பிற்காலத்தில் மார்செட் அம்மையாருக்கு அனுப்பிவைத்தார்.

படித்ததை அப்படியே நம்புவது அவருக்குப் பழக்கமில்லை. தாமே செய்து பார்க்க வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில் துத்தநாகத் தகடு வாங்கி, அரைப் பென்னி நாணயத்தின் அளவில் ஏழு வில்லைகளாக வெட்டினார். ஏழு செப்பு அரைப் பென்னிகளை எடுத்துக்கொண்டார். நாணயம், வில்லை, உப்பு நீரில் நனைத்த காகிதம் என்று மாற்றி மாற்றி அடுக்கினார். மின்கலம் ஆயிற்று! அதிலிருந்து வந்த மின்சாரத்தை மக்னீசியம் சல்பேட் கரைசலுக்குள் செலுத்தினார். கரைசல் பிரிந்து குமிழிகள் எழுவதைத் தம் கண்ணாலேயே கண்டார். பிற்காலத்தில் அவர் கண்டறிந்த விதியின் விதை இந்த ஏழு காசுகளில் இருந்தது எனலாம்.

டேவியின் உதவியாளர்

1812ஆம் ஆண்டில் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், சர் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு கொடுத்தார். டேவி அந்நாளில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனின் புகழ்பெற்ற வேதியியலார். பாரடே மாடத்தில் அமர்ந்து ஒரு சொல்லும் விடாமல் குறிப்பெடுத்தார். வீட்டில் அதைப் படங்களுடன் திருத்தமாக எழுதி, ஏறத்தாழ முந்நூறு பக்கங்கள் கொண்ட புத்தகமாகத் தம் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பினார். கற்ற கைத்தொழில் அவருக்குக் கதவைத் திறந்தது. 1813ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அவர் ஆய்வுக்கூட உதவியாளராக அமர்த்தப்பட்டார். வாரம் 25 ஷில்லிங் சம்பளம். கட்டடத்தின் உச்சியில் இரண்டு அறைகள். எரிக்க நிலக்கரியும் மெழுகுவர்த்தியும்.

அதே ஆண்டில் டேவி ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது பாரடேயும் உடன் சென்றார். டேவியின் மனைவி அவரை வேலைக்காரர்போல் நடத்தினார். மனம் நொந்தாலும் பாரடே பொறுத்துக்கொண்டார். மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்டாவை இத்தாலியில் நேரில் காணும் பேறும் அப்பயணத்திலேயே கிட்டியது. இலண்டன் திரும்பிய பிறகு 1821இல் சாரா பார்னார்டு என்ற பெண்ணை மணந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

விதி பிறந்த கதை

1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றிச் செய்த சோதனையில், காந்தத்தால் மின்சாரத்தைத் தோற்றுவிக்க முடியும் என்று பாரடே கண்டார். இன்றைய மின்னாக்கி இயந்திரங்கள் அனைத்துக்கும் அதுவே தாய். ஆனால் நம் ஜரிகைக்கு வேண்டிய கணக்கு அதற்கு அடுத்த சில ஆண்டுகளில்தான் பிறந்தது.

மின்சாரம் கரைசல்களைப் பிரிக்கிறது என்பது அப்போதே தெரிந்திருந்தது. இத்தாலியில் புருனத்தெல்லி என்பவர் 1805இலேயே வெள்ளிப் பதக்கங்களுக்கு மின்சாரத்தால் தங்க முலாம் பூசியிருந்தார். ஆனால் எவ்வளவு பூசும் என்பதற்குக் கணக்கு இல்லை. பாரடே தராசைக் கையில் எடுத்தார். உருக்கிய வெள்ளீயக் குளோரைடில் பிளாட்டினக் கம்பியை வைத்து மின்சாரம் செலுத்தினார். கம்பியின் எடையை முன்னும் பின்னும் நிறுத்து, படிந்த வெள்ளீயத்தின் எடையைக் கண்டார். அதே மின்சாரத்தை நீருள்ள மற்றொரு கருவியினூடே செலுத்தி, அதில் வெளிவந்த வாயுவை அளந்தார். வெள்ளீயத்தோடு நிற்காமல் வேறு பல பொருள்களையும் சோதித்தார். ஒரே முடிவே திரும்பத் திரும்ப வந்தது. படியும் பொருளின் எடை, செலுத்திய மின்சாரத்தின் மொத்த அளவைப் பொறுத்தது. ஒரே அளவு மின்சாரம் வெவ்வேறு உலோகங்களை அவற்றின் சமான எடைகளின் விகிதத்தில் படியச் செய்கிறது. இவையே பாரடேயின் மின்னாற்பகுப்பு விதிகள்.

1834இல் இவற்றை வெளியிட்டபோது, இந்தப் புதுத் துறைக்குச் சொற்களே இல்லை. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹியூவெலைக் கலந்து மின்வாய், நேர்மின்வாய், எதிர்மின்வாய், அயனி என்று நாம் இன்று தமிழில் வழங்கும் சொற்களின் மூலச் சொற்களை அமைத்தார். உயர் கணிதம் கற்றிராத ஒருவர் கண்ட விதி ஆதலால், அதைப் பயன்படுத்தப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தாலே போதும்.

ஒரு வளையலின் கணக்கு

நாமே செய்து பார்ப்போம். ஒரு பித்தளை வளையலுக்கு வெள்ளி முலாம் பூச வேண்டும். முதலில் தெரிய வேண்டியது அதன் புறப்பரப்பு. வளையலை ஓரிடத்தில் வெட்டி நிமிர்த்துவதாக எண்ணிக்கொண்டால் அது ஓர் உருளை. பத்தாம் வகுப்பு அளவியல் பாடம் இங்கே கைகொடுக்கிறது. வளையலின் நடுக்கோட்டு ஆரம் 3 செ.மீ. என்றால் நீளம் 18.84 செ.மீ. கம்பியின் ஆரம் 0.2 செ.மீ. என்றால் அதன் சுற்றளவு 1.256 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 24 சதுர செ.மீ.

வெள்ளி முலாமுக்கு 100 சதுர செ.மீ. பரப்புக்கு அரை ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், நம் வளையலுக்கு 0.12 ஆம்பியர் போதும். முலாமின் கனம் 10 மைக்ரான், அதாவது 0.001 செ.மீ. வேண்டும் என்போம். பரப்பைக் கனத்தால் பெருக்கினால் 0.024 கன செ.மீ.; வெள்ளியின் அடர்த்தி 10.5 ஆதலால் எடை 0.252 கிராம். ஒரு சமான எடை படிவதற்கு 96,500 கூலூம் வேண்டும் என்பது பாரடேயின் பெயர் தாங்கிய மாறிலி. வெள்ளியின் சமான எடை 108. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 3,600 கூலூம். ஆகவே அந்த ஒரு மணியில் படியும் வெள்ளி 4.03 கிராம். நம்முடைய 0.12 ஆம்பியருக்கு 0.252 கிராம் படிய ஏறத்தாழ 31 நிமிடம் ஆகும். தொழிலில் மின்சாரம் முழுவதும் உலோகம் படியவே பயன்படுவதில்லை. சில கரைசல்களில் ஒரு பகுதி ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றுவதில் செலவாகும். அதற்கு ஏற்ப நேரத்தைச் சிறிது கூட்டிக்கொள்வார்கள்.

ஒரு டஜன் வளையல்களை ஒன்றாகத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? பரப்பு 288 சதுர செ.மீ. ஆகிறது, மின்னோட்டம் 1.44 ஆம்பியர் ஆக வேண்டும்; நேரம் அதே 31 நிமிடம். மின்னோட்டத்தைக் கூட்ட மறந்தால் ஒவ்வொரு வளையலிலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான வெள்ளியே படியும். அதற்கு மாறாக, 1.44 ஆம்பியரை ஒற்றை வளையலில் செலுத்தினால் முலாம் கருகிச் சொரசொரப்பாகி உதிர்ந்துவிடும். சொம்பு, கிண்ணம் போன்ற பொருள்களில் கரைசல் படும் உட்புறத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கூரிய ஓரங்களில் உலோகம் அதிகமாகவும் குழிகளில் குறைவாகவும் படியும் என்பதையும் மறக்கலாகாது. பரப்பைத் தவறாக அளந்தால் அதன்பின் வரும் எல்லாக் கணக்கும் தவறாகிவிடும்.

இனி ஜரிகைக்கு வருவோம். கணக்குக்காக, 100 மீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் அகலமும் உள்ள வெள்ளிப் பட்டையின் வெளிமுகத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பரப்பு 250 சதுர செ.மீ. தங்கத்தின் கனம் 0.1 மைக்ரான் என்றால், தங்கத்தின் அடர்த்தி 19.3 ஆதலால் எடை 48 மில்லிகிராம். சயனைடு கரைசலில் தங்கத்தின் சமான எடை 197. ஒரு ஆம்பியர் மணிக்கு 7.35 கிராம் தங்கம் படியும். 100 சதுர செ.மீ.க்கு 0.2 ஆம்பியர் வீதம் அரை ஆம்பியர் செலுத்தினால் 47 விநாடியில் வேலை முடிந்துவிடும்! நூல் கரைசலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்போது, மின்னோட்டத்தை மாற்றாமல் ஓட்டத்தை இரு மடங்காக்கினால் தங்கம் பாதியாகிவிடும். கண்ணுக்கு அப்போதும் அது தங்கமாகவே தெரியும். வாங்கியவருக்கு உண்மை தெரிவது சேலை சில ஆண்டுகள் பெட்டியில் இருந்து கறுக்கும்போதுதான்.

தோழிகள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். தங்க, வெள்ளி முலாம் கரைசல்களில் உள்ள சயனைடு கொடிய நஞ்சு. அதனால் இந்தச் சோதனையை நாம் தாளில் மட்டுமே செய்ய வேண்டும்.

புகழும் எளிமையும்

பாரடேயின் விதிகள் வெளிவந்த சில ஆண்டுகளில் முலாம் பூசுதல் பெருந்தொழிலாயிற்று. 1840இல் பர்மிங்ஹாம் நகரின் எல்கிங்டன் குடும்பத்தார் அதற்குக் காப்புரிமை பெற்றனர். 1844இல் உல்ரிச் என்பவர் அமைத்த மின்னாக்கி முலாம் பூசும் வேலைக்குப் பயன்பட்டது. அந்த இயந்திரம் இயங்கியதும் பாரடே 1831இல் கண்ட உண்மையாலேயே. முலாமின் கணக்கும் அவருடையது. அதற்கு மின்சாரம் தந்த வழியும் அவருடையது. அவரோ இவற்றிலிருந்து செல்வம் திரட்ட முயலவில்லை.

ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தது, ஏற்கவில்லை. சர் பட்டமும் வேண்டாம் என்றார். எளிய கிறிஸ்தவ சபை ஒன்றைச் சேர்ந்த அவர், பட்டமும் பொருளும் சேர்ப்பதைத் தம் சமய நெறிக்கு ஒவ்வாததாகக் கருதினார். ஆனால் சிறுவர் சிறுமியருக்குப் பாடம் சொல்வதென்றால் மகிழ்ச்சியோடு முன்வருவார். கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் இளையோருக்காக நடைபெறும் சொற்பொழிவு வரிசையைப் பத்தொன்பது முறை நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் அதிலிருந்தே விளக்கிய சொற்பொழிவுகள் இன்றும் நூலாகப் படிக்கப்படுகின்றன.

முதுமையில் அவருக்கு நினைவாற்றல் குன்றியது. 1858இல் விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அவர் தங்குவதற்கு ஒரு வீடு அளித்தார். அங்கேயே 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தபடியே அமைதியாக உயிர் நீத்தார். அவருடைய விருப்பப்படி ஆரவாரமின்றி ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர்.

தமிழ்நாட்டில் அவர் கணக்கு

பாரடே தொடங்கிவைத்த மின்வேதியியல் துறைக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் நம் தமிழ்நாட்டில் இருப்பது நமக்குப் பெருமை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் காரைக்குடியில் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு பொங்கல் நாளில் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். உலோகங்களுக்கு முலாம் பூசுதலும் துருப்பிடிக்காமல் காத்தலும் அங்கு நடைபெறும் ஆய்வுகளுள் அடங்கும். நெசவாளருக்குத் தரமான ஜரிகை கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1971இல் காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகை நிறுவனத்தையும் நிறுவியது.

அன்புத் தோழிகளே! தறியில் அமரும் நம் பெற்றோருக்கு ஜரிகையின் தரத்தில் உயிர் இருக்கிறது. போலி ஜரிகையை அசல் என்று நம்பி நெய்தால், பல நாள் உழைப்பும் ஊரின் பெயரும் ஒரே சேலையில் கெட்டுவிடும். அசல் என்றால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கும் என்பது அவர்கள் கைப்பழக்கத்தில் அறிந்தது. அதன்மேல் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பதைச் சொல்ல இன்று எக்ஸ் கதிர்க் கருவிகள் வந்துள்ளன. அந்தத் தங்கம் எப்படி, எத்தனை விநாடியில் ஏறியது என்ற கணக்கை நாமே போட முடியும். பதின்மூன்று வயதில் வேலைக்குப் போன சிறுவன், பெண்களுக்காக எழுதிய ஒரு புத்தகத்தைப் படித்து, அந்தக் கணக்கை நமக்குத் தந்து சென்றான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தறிக்குச் செல்லும் நிலை நம்முள் சிலருக்கு நேரலாம். தறியில் அமர்ந்தாலும் புத்தகத்தைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்குப் பாரடேயின் வாழ்க்கையே சான்று. இவ்வாண்டு அறிவியல் பாடத்தில் மின்சாரமும் கணிதத்தில் உருளையும் வரும்போது, வீட்டில் உள்ள ஒரு வளையலை எடுத்து அளந்து, அதன் முலாம் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.